மறைவில் இருக்கும் திருகாணி



ஒரு பொருள் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கிறது. இன்றுவரை அறுந்ததுமில்லை, ஒடிந்ததுமில்லை. இருந்தும் அதைக் கழற்றிப் பார்க்கும் கடமை அதன் சொந்தக்காரருக்கு உண்டா? “நன்றாக இருப்பதை ஏன் கிளற வேண்டும்?” என்று கேட்பவர் நம்மில் பலர். அக்கேள்வியை ஆராய்வதற்கு ஒரு சிறு பாய்மரப் படகை எடுத்துக் கொள்வோம்.

1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் ‘டிரைட்டன்’ என்னும் படகு விற்பனைக்கு வந்தது. அதை வரைந்தவர் கார்ல் ஆல்பெர்க்; கட்டியவர்கள் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்துப் பியர்சன் குடும்பத்தின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். நீளம் ஏறக்குறைய 28 அடி. மரப்பலகைக்குப் பதிலாகக் கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்த படகு அது. 700-க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. அவற்றுள் சில இன்றும் கடலில் செல்கின்றன. படகின் உடல் இத்தனை காலம் தாங்கிவிட்டது. ஆனால் மேல்தளத்தில் பொருத்திய சாமான்கள் அப்படித் தாங்குவதில்லை. கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொம்பு, ஓரத்துக் கம்பியைத் தாங்கும் குட்டைத் தூண், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் வடத்தை மாட்டும் பட்டை ஆகியவற்றை ஒரு நாள் மாற்றித்தான் ஆக வேண்டும்.

காரணம் என்னவென்று பாருங்கள். இவ்வகைப் படகுகள் பலவற்றின் மேல்தளம், கண்ணாடி இழைத் தகடுகள் இரண்டுக்கு நடுவே பால்சா என்னும் இலேசான மரத்தை வைத்துச் செய்தது. ஒவ்வொரு திருகாணிக்கும் அத்தளத்தில் ஒரு துளை வேண்டும். துளையை அடைக்க வைத்த பசை, ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வெடித்துவிடுகிறது. மழைநீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்குகிறது. மேலே தகடு பளபளப்பாகவே இருக்க, நடுவிலுள்ள மரம் ஊறி உளுத்துப் போகிறது.

திருகாணியின் கதையும் அதுதான். நம் வீடுகளில் எவர்சில்வர் என்கிறோமே, அந்த எஃகு ஏன் துருப்பிடிப்பதில்லை? அதில் கலந்துள்ள குரோமியம், காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து மெல்லிய படலமாகி அதைக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் படலம் மறுபடி உண்டாகிறது. தளத்துக்குள் புதைந்த பகுதியிலோ உப்புநீர் தேங்குகிறது, பிராணவாயு எட்டுவதில்லை. அங்கே படலம் அழிந்து, எஃகு அரிக்கத் தொடங்குகிறது. வெளியே தலை மின்னிக் கொண்டிருக்கும்போதே உள்ளே தண்டு மெலிந்து போயிருக்கலாம்.

இப்படகில் ஒரு நண்பர் விருந்தாளியாக ஏறுகிறார். காற்று பலக்கிறது; படகு சாய்கிறது. அவர் கைநீட்டி அருகிலுள்ள தூணைப் பற்றிக் கொள்கிறார். அந்தத் தூணின் திருகாணியை அவர் சோதித்துப் பார்த்தாரா? பார்க்கவும் முடியாது. தம் உடலின் பாரம் முழுவதையும் படகுக்காரரின் நேர்மையின்மேல் வைத்துவிட்டார். கழற்றிப் பார்க்கும் கடமை இங்கேதான் பிறக்கிறது. பொருள் நம்முடையதானாலும், அதன்மேல் சாய்கிறவர் பிறர் அன்றோ?

கசிவைக் கண்டதும் பலருக்கு ஓர் எளிய வழி தோன்றும். சாமானைக் கழற்றாமல், அதன் விளிம்பைச் சுற்றிப் புதுப் பசையைப் பூசிவிடலாம். அரைமணி நேரத்து வேலை. பார்வைக்கும் புதிதாக இருக்கும். ஆனால் பழைய நீர் உள்ளேயே நிற்கிறது. மரம் உளுப்பதும் நிற்பதில்லை. முன்பு கசிவாவது எச்சரித்தது. இப்போது அந்த எச்சரிக்கையும் போயிற்று. விற்கப்போகும் படகில் இப்படிப் பூசுவது பிறரை ஏமாற்றுவதே.

நேர்மையான வேலை வேறு. சாமானைக் கழற்றி, உளுத்த மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாக உலர்த்த வேண்டும். துளையைப் பெரிதாக்கி, எப்பாக்ஸிப் பிசினால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே புதுத் துளை போட வேண்டும். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. அடியில் பாரத்தைப் பரப்ப ஒரு தகடு வேண்டும். கடைசியில் இருவர் வேண்டும். ஒருவர் மேலே திருப்புளியால் திருகாணியை அசையாமல் பிடிக்க, மற்றவர் கீழே இருட்டில் படுத்து நட்டை முடுக்குவார். மேலே உள்ளவர் திருகாணியைத் திருகினால் பசை குலைந்துவிடும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். வேலை முடிந்தபின், முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் வித்தியாசம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

“அப்படியானால் எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டுமா? எல்லாரிடமும் அவ்வளவு பணமும் நேரமும் உண்டா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாச் சாமானும் சமமல்ல. கொடி கட்டும் கொக்கி காத்திருக்கலாம். பாய்மரத்தைப் பிடிக்கும் பட்டையும், மனிதர் பற்றும் தூணும் காத்திருக்கலாகாது. எதன்மேல் பிறர் உயிர் சாய்கிறதோ, அதுவே முதலில். பட்டை பழுதென்று தெரிந்தால், அதை மாற்றும்வரை படகு கரையிலேயே நிற்கட்டும். ஒரு தூணை மாற்றப் பணம் இல்லையென்றால், அதைக் கயிற்றால் மறித்து, ஏறுகிறவரிடம், “இதைப் பிடிக்காதீர்கள், இது பழுது” என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லச் செலவு ஒன்றுமில்லை. கொஞ்சம் வெட்கம் மட்டுமே ஆகும்.

நம்மிடம் பாய்மரப் படகு இல்லாமலிருக்கலாம். ஏணி இருக்கிறது, மாடிக் கைப்பிடி இருக்கிறது, அடுப்புக்குப் போகும் காஸ் குழாய் இருக்கிறது. அவற்றை நம்பி நம் பிள்ளைகளும், வேலைக்கு வருகிறவர்களும், விருந்தினரும் நடமாடுகிறார்கள். வாசகரே, இந்த வாரம் அவற்றில் ஒன்றையாவது கழற்றிப் பாருங்கள். நன்றாக இருந்தால் திரும்பப் பூட்டிவிடுங்கள். பழுதானால் அதை மாற்றும்வரை, வீட்டிலுள்ள எல்லாருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.