தலைச்சீராவால் முட்டாதே!



ஊழியத்தின் நிமித்தம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போயிருந்தபோது, ஒரு தமிழ் விசுவாசியின் வீட்டில் தங்கினேன். அவருடைய மகன் ஹைஸ்கூல் புட்பால் டீமில் இருக்கிறான். நம்ம ஊர் கால்பந்து என்று நினைத்துவிடாதீர்கள். இது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஓடுகிறவனை எதிராளி மோதி, இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்து, தரையில் சாய்க்க வேண்டும். அதற்கு டேக்கிள் என்று பேர்.

ஒரு சாயங்காலம் பிராக்டிஸ் பார்க்கப் போனேன். பையன்கள் புயல் மாதிரி ஓடிவந்து மோதினார்கள். சத்தம் கேட்டு எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் ஒருவனும் கீழே விழவில்லை! மோதின உடனே விசில். மோதினவனே மற்றவனைத் தாங்கி நிறுத்தினான்.

"ஏம்ப்பா, விழத்தள்ளத்தானே இந்தப் பயிற்சி?" என்று கேட்டேன்.

"பாஸ்டர் அங்கிள், அவன் எங்க டீம். வெள்ளிக்கிழமை மேட்சுக்கு அவன் வேணுமே!" என்றான்.

அந்த வார்த்தை என்னைக் குத்திற்று.

இந்தப் பயிற்சிக்கு ஐந்து படிகள் உண்டு. முதலில் எதிரே ஆளே இல்லாமல். அடுத்து மெத்தை மூட்டையின்மேல். பிறகு யார் ஜெயிப்பது என்று கோச் முன்பே சொல்லிவைத்து ஆளோடு. நாலாவது, வேகமாய் மோதியும் விழத்தள்ளாமல். கடைசியில்தான் நிஜ ஆட்டம்போல் சாய்ப்பது. டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில், சீசன் நாட்களில் ஒரு மாணவன் வாரத்துக்கு 90 நிமிஷத்துக்குமேல் அப்படி முழு மோதல் பயிற்சி செய்யக்கூடாது என்று 2013-ல் விதி வந்தது.

தேவபிள்ளையே, இன்னொன்றையும் கவனி. ஒரு காலத்தில் தலையால் முட்டி டேக்கிள் செய்யவே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தலையைக் காக்க வந்த ஹெல்மெட் ஆயுதமாகிப்போனது! 1968-ல் மாத்திரம் அந்த ஆட்டத்தின் அடியினால் 36 பேர் மரித்தார்கள். கழுத்து முறிந்து, கைகால் விளங்காமல் போனவர்களும் உண்டு. 1976-ல் தலையால் மோதக்கூடாது என்று விதித்தார்கள். தலையை நிமிர்த்து, கண்ணால் பார், தோளால் மோது என்றார்கள். கழுத்து முறிவு வெகுவாய்க் குறைந்தது. 1990-ல் அடிபட்டு ஒரு சாவும் இல்லை!

எபேசியர் 6-ம் அதிகாரத்தில் பவுல் இரட்சிப்பின் தலைச்சீராவைப் பற்றிச் சொல்கிறார். அது எதற்கு? உன்னைக் காக்க. "நான் இரட்சிக்கப்பட்டவன், அபிஷேகம் பெற்றவன்" என்று சொல்லிக்கொண்டு பக்கத்துச் சகோதரனை முட்டுவதற்கு அல்ல. நம் போராட்டம் மனுஷரோடு அல்ல, பொல்லாத ஆவிகளோடு என்று அதே அதிகாரம் சொல்லுகிறதே!

நானும் முட்டியிருக்கிறேன். எங்கள் சபையில் கீபோர்டு வாசித்த ஒரு வாலிபத் தம்பி தவறு செய்தார். தனியே கூப்பிட்டுப் பேசாமல், உபவாச ஜெபத்தில் எல்லார் முன்பாகவும் பிரசங்க மேடையிலிருந்து அடித்தேன். "அக்கினிப் பிரசங்கம் பாஸ்டர்" என்று பலர் கைகுலுக்கினார்கள். அடுத்த ஞாயிறு கீபோர்டு மூடியே கிடந்தது. வேகம் சரி, மோதினபின் தாங்கிப் பிடிக்க என் கைகள் நீளவில்லை.

"அப்படியானால் வைராக்கியம் குறைந்துபோகாதா?" என்பாய். குறையாது! ஜான் கலார்டி என்ற கோச், 1943-ல் தன் பள்ளிக் கோச் யுத்தத்துக்கு அழைக்கப்பட்டபோது, 16 வயதிலேயே டீமை நடத்த ஆரம்பித்தவர். பிற்பாடு மினசோட்டாவில் ஒரு கல்லூரி டீமை நடத்தினார். பிராக்டிஸில் டேக்கிளே கூடாது என்பது அவர் முறை. 2012-ல் ஓய்வுபெற்றபோது அவருக்கு 489 வெற்றிகள்! கல்லூரிப் புட்பாலில் அத்தனை வெற்றி வேறு எந்தக் கோச்சுக்கும் இருந்ததில்லை.

கண்டிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாவத்தைப் பாவம் என்றே சொல். ஆனால் விழுந்தவனைச் சாந்தத்தோடு நிலைநிறுத்துவதே கலாத்தியர் 6-ம் அதிகாரம் காட்டும் வழி. சபை பயிற்சிக்களம், யுத்தம் வெளியே இருக்கிறது. அங்கே உன் சகோதரன் உனக்கு வேணும்!

ஊர் திரும்பினதும் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னும் சபைக்கு வரவில்லை. ஆனால் கதவைத் திறந்தார், காப்பி கொடுத்தார், ஜெபிக்கத் தலை குனிந்தார். ஸ்தோத்திரம்!

நீ விழத்தள்ளின ஒருவர் உண்டா? இன்றைக்கே தேடிப் போ. ஜெபிப்போமா?

"அன்பின் பரம தகப்பனே, சகோதரனை முட்டின என்னை மன்னியும். பிசாசை எதிர்க்கப் பெலனையும், சகோதரனைத் தாங்கக் கைகளையும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறேன். ஆமென்."