கண்ணியை ஒடித்த குட்டிகள்

ருவாண்டாவின் எரிமலைக் காடுகளில் மானுக்கு வைக்கும் கண்ணியில் மலைக் கொரில்லாக் குட்டிகளும் மாட்டிக்கொள்கின்றன. வளைத்துக் கட்டிய கிளை, அதில் ஒரு கயிற்றுச் சுருக்கு; விலங்கு பட்டு அது அசைந்தால் கிளை நிமிர்ந்து சுருக்கு இறுகிவிடும். 2012இல் அப்படிச் சிக்கிய குட்டியொன்று இறந்தது. சில நாள்களிலேயே அதே கூட்டத்தின் நான்கு வயதுக் குட்டிகள் இரண்டு, இன்னொரு கண்ணியைக் கண்டதும் பாய்ந்தோடின. ஒன்று கிளைமேல் குதித்து ஒடித்தது. மற்றது சுருக்கைப் பிரித்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை!

கண்ணி வைப்பவரைத் திட்டிப் பயனில்லை. வறுமைதான் அவரைக் காட்டுக்குள் அனுப்புகிறது. கொரில்லா பார்க்க வருவோர் தரும் வருவாயில் அக்கம்பக்க ஊர்களின் பங்கை ருவாண்டா 2017இல் 5 விழுக்காட்டிலிருந்து 10 ஆக்கியது. அது இன்னும் கூட வேண்டும்.