கரை வரும் வரை

1995 வரை நம் நாட்டு ஹாஜிகளில் பலர் பம்பாயில் கப்பலேறி ஜித்தாவில் இறங்கினார்கள். இன்று விமானம் சில மணி நேரத்தில் கடக்கும் தூரத்தை நாள் கணக்கில் கடலிலேயே கழித்தார்கள். மக்கா செல்வோர், யலம்லம் எல்லைக்கு நேராகக் கப்பல் வரும்போது இஹ்ராம் கட்டுவார்கள். அதற்கு முந்திய நாட்களில் ஹஜ்ஜின் கிரியை எதுவுமில்லை. அப்படியானால் அந்நாட்கள் வீண்தானா?

இல்லை. நிய்யத்தைக் கொண்டே அமல் மதிக்கப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஹஜ்ஜை நாடி வாசற்படி தாண்டியவரின் காத்திருப்பும் இபாதத்தே.

2023இல் சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் சென்றது. ஹராமைத் தவிர்த்து, கடலையும் கரையையும் கண்டு மகிழ்வது குற்றமல்ல. ஆனால், "பிரயாணந்தானே, ஊர் போய்க் களாச் செய்து கொள்ளலாம்" என்று தொழுகையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. மார்க்கம் முஸாஃபிருக்குத் தந்தது சலுகையே தவிர விடுமுறை அல்ல. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். தலைசுற்றி நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். கப்பல் திரும்பினால் தொழுபவர் கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். இத்தனை வழிகளைத் திறந்து வைத்திருப்பதே, விட்டுவிட வழியில்லை என்பதைக் காட்டவில்லையா?

கடலையே காணாதவர்களுக்கும் இக்கேள்வி உண்டு. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டியோடு முறைக்குக் காத்திருப்பவரின் நேரமும் இத்தகையதே. ஆரோக்கியமும் ஓய்வும் மக்களில் பலர் ஏமாந்துபோகும் நிஃமத்துகள் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

சகோதர சகோதரிகளே! துன்யாவும் ஒரு கப்பற்பயணமே. கரையில் இறங்கியதும் நம்மிடம் கேட்கப்படுவது கடலில் கழித்த நாட்களைப் பற்றித்தான். அதற்குப் பதில் சொல்லும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.