மண் சுமந்தவரின் கூலி

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மாடித் தோட்டம் போடுவோருள் பலர் அதனை வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கருதுகின்றனர். பூசைக்குரிய துளசியும் நந்தியாவட்டையும் அங்கேயே வளர்கின்றன. ஆனால் ஒரு மீட்டர் நீள அகலமும் ஓரடி ஆழமும் உள்ள பாத்தியைச் செம்மண்ணால் நிரப்ப ஏறத்தாழ 400 கிலோ மண் வேண்டும். தலையில் சும்மாடு, அதாவது பாரம் உறுத்தாதிருக்கச் சுருட்டி வைக்கும் துணி, அதன்மேல் மண் நிறைந்த பாண்டு என வெளிப்படிக்கட்டில் அதை ஏற்றுபவர் கூலியாள். அந்த வழிபாட்டில் அவருக்குப் பங்கு உண்டா?

இல்லை என்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பலன் கருதாத செயலே, கீதை உரைக்கும் நிஷ்காம கர்மமே, மனத்தைத் தூய்மையாக்கும். கூலியாளோ பலன் கருதியே சுமக்கிறார். மயிலாப்பூர் வாயிலார் நாயனார் கல்லும் மண்ணும் இன்றி மனத்துள்ளே கோயில் அமைத்து வழிபட்டு அறுபத்து மூவருள் ஒருவரானார் என்பதும் அவர்களுக்குத் துணை நிற்கும்.

எனினும், பிட்டுக்கு மண் சுமந்த கதையின்முன் இவ்வாதம் நிலைக்கவில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தின்படி, வைகைக் கரையை அடைக்கப் பாண்டியன் ஆணையிட்டபோது, ஆள் துணையற்ற வந்தி என்னும் மூதாட்டியின் பங்கை அடைக்கச் சிவபெருமான் கூடையோடு வந்தார். தொண்டராக அன்று, பிட்டைக் கூலியாகப் பெறும் ஆளாக வந்தார். வேலைக்கிடையே ஆடினார், உறங்கினார். அதற்காகப் பாண்டியன் பிரம்பால் அடித்த அடி, அரசன் உட்பட எல்லா உயிர்மேலும் பட்டது. மதுரை ஆவணி மூலத்தில் ஆண்டுதோறும் கொண்டாடும் இந்நிகழ்ச்சியில் கூலி, செயலின் புனிதத்தைக் குறைக்கவில்லை. சுமப்பவரின் உடலில் விழும் அடி வேறெவருக்கும் அயலானதன்று என்பதோ அதனினும் ஆழமான உண்மை. கூலி உடலைத் தாங்குவது. கீதை துறக்கச் சொல்லும் பலனோ, செயலைத் தனதென்று உரிமை கொண்டாடும் பற்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே அவ்வாதத்தின் பிழை.

இதே கேள்வி கிறித்தவத் தலம் ஒன்றிலும் எழுகிறது. அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726இல் பாலம் கட்டுவித்த ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், பறங்கிமலை உச்சியிலுள்ள மாதா கோயிலுக்கு ஏறும் கற்படிகளையும் தம் பொருளால் அமைத்தார். அவருடைய பெயர் இன்றும் போற்றப்படுகிறது. கல்லை மேலேற்றியோரின் பெயர்கள் நிற்கவில்லை. கூலி பெற்றார்கள் என்பதற்காக அவர்களுக்குப் புண்ணியத்தை மறுக்கக் கிறித்தவத்திலும் இடமில்லை: உழைப்பவர் கூலிக்கு உரியவர் என்று லூக்கா நற்செய்தியில் இயேசு சொல்வது, இறையரசை அறிவிக்கத் தாம் அனுப்பிய சீடர்களைக் குறித்தே.