பிரிந்த ஏடுகளும் முழுமை என்னும் கேள்வியும்

கி.பி. 868ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதிக்கு ஒத்த ஒரு நாளில், வாங் ஜியே என்னும் சீன பக்தர் ஒருவர், தம் தாய் தந்தையரின் பொருட்டு வஜ்ரச்சேதிகா சூத்திரத்தை மரக்கட்டைகளில் செதுக்குவித்து அச்சிட்டு, எல்லோருக்கும் விலையின்றி வழங்குவதற்காகவே இதைச் செய்வித்ததாக அதன் இறுதியில் பொறித்துவைத்தார். ஏழு தாள்களை ஒட்டி ஐந்து மீட்டருக்கு மேல் நீளும் அந்தச் சுருள்தான், தேதி குறித்த முழு அச்சு நூல்களுள் உலகம் இன்று அறிந்தவற்றில் மிகப் பழமையானது. ஜேதவனத்தில் புத்தர் பெருமான் சுபூதிக்கு உபதேசிக்கும் காட்சி அதன் முகப்பில் சித்திரமாக இருக்கிறது. கொடுப்பவன், கொள்பவன், கொடுக்கப்படும் பொருள் என்ற எதிலும் மனம் பற்றி நில்லாமல் செய்யும் தானமே தானம் என்று போதிக்கும் அந்த நூல், இன்று லண்டன் மாநகரில் பிரிட்டிஷ் நூலகத்தின் காப்பறையில் இருக்கிறது.

நூலகங்களும் அருங்காட்சியகங்களும் தத்தம் வசமுள்ள பொருள்களைப் பற்றிய செய்திகளைப் பகிர்ந்து, ஒன்றோடொன்று இணைத்துவைக்கும் இக்காலத்து முயற்சியை வெறும் நிர்வாக வசதியாகவே பலரும் கருதுகிறார்கள். அதற்குள் ஒரு பழைய தத்துவப் பிரச்னையும், அதைவிடக் கடினமான ஒரு தர்மப் பிரச்னையும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவ்விரண்டையும், மேற்சொன்ன சுருளும் கிடைத்த துன்ஹுவாங் குகையின் சுவடிகளை வைத்தே ஆராய விரும்புகிறேன். ஏனெனில் வேறெந்தச் சுவடித்தொகுதியும் இத்தனை தேசங்களுக்குச் சிதறி, பிறகு இத்தனை சிரமத்தோடு ஒன்றுசேர்க்கப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

சீனத்தின் கான்சு மாகாணத்தில், பாலைவனத்தின் விளிம்பிலுள்ள துன்ஹுவாங் என்னும் ஊருக்கருகே, மோகாவ் குகைகள் இருக்கின்றன. கி.பி. 366இல் ஒரு பிக்ஷு முதற்குகையைக் குடைந்தார் என்பது மரபு. இன்று சித்திரங்களோடு நிற்கும் குகைகள் 492. அவற்றுள் 17 என்று எண்ணிட்ட சிற்றறை பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர் வைத்து அடைக்கப்பட்டது. படையெடுப்பின் அச்சமா, பழுதுபட்ட புனித ஏடுகளை எறியக்கூடாதென்ற பக்தியா, அடைத்ததற்குக் காரணம் எதுவென்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1900இல் குகைகளைத் தாமாகவே காவல் காத்துவந்த வாங் யுவான்லு என்னும் தாவோ சமயத் துறவி அந்தச் சுவரைத் திறந்தபோது, சீனம், திபெத்தியம், சமஸ்கிருதம், கோத்தானியம், சோக்தியம், உய்குர் எனப் பல மொழிகளில் எழுதிய சுருள்கள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. ஹீப்ரு மொழியில் ஒரு பிரார்த்தனைத் துண்டும், கிறிஸ்தவ, மானிகேய சமய நூல்களும்கூட அந்தப் பௌத்த அறையில் இருந்தன.

1907இல் பழம்பொருள் ஆராய்ச்சியாளர் ஆரல் ஸ்டைன் வந்தார். காஞ்சிபுரத்தைப் பற்றி நமக்கு எழுதிவைத்துப் போன சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கிடம் வாங் யுவான்லுவுக்கு அளவற்ற பக்தி. அந்த மகானின் அடிச்சுவட்டிலேயே பாரத தேசத்திலிருந்து மலைகளையும் பாலைகளையும் கடந்து தாமும் வந்திருப்பதாக ஸ்டைன் அவரிடம் எடுத்துரைத்தார். முதலில் வெளிவந்த கட்டுகளிலேயே யுவான் சுவாங் மொழிபெயர்த்த சூத்திரங்கள் அகப்பட்டதும், அது அந்த மகானுடைய சம்மதம் என்றே துறவிக்குத் தோன்றியது. 24 பெட்டிகள் நிறையச் சுவடிகளும், 5 பெட்டிகள் நிறையச் சித்திரங்கள் முதலியனவும் சுமார் 130 பவுன் தொகைக்குப் புறப்பட்டன. மறு ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பால் பெலியோ வந்து, மூன்று வாரகாலம் அந்த அறையில் அமர்ந்து, ஏடுகளைப் புரட்டித் தேர்ந்தெடுத்துப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். எஞ்சியவற்றைச் சீன அரசு பீகிங்குக்கு அனுப்பச்செய்தது. வழியில் களவுபோனவை வேறு. பிறகு ஜப்பானியரும், செர்கேய் ஓல்தென்பூர்க்கின் தலைமையில் ருஷ்யரும் தம் பங்கை எடுத்துச் சென்றார்கள். ஸ்டைனின் யாத்திரைக்கு அக்காலத்து இந்திய அரசும் பணம் கொடுத்திருந்தமையால், சித்திரங்களில் ஒரு பகுதி இந்தியாவின் பங்காக வந்து, இன்று புது டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தப் பிரிவினையில் ஒரே சுருள் இரண்டு தேசங்களுக்குப் போனதும் உண்டு. திபெத்தியப் பேரரசின் நிகழ்ச்சிகளை ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆண்டுவாரியாகக் குறித்துவந்த பழைய ஆவணம் ஒன்றின் ஒரு துண்டு பாரிஸில் இருக்கிறது, மற்றொரு துண்டு லண்டனில் இருக்கிறது. திபெத்தின் சரித்திரத்துக்கு இதனினும் முக்கியமான ஆதாரம் அரிது. பாரிஸ்காரர் ஒரு பட்டியலில் ஓர் எண்ணும், லண்டன்காரர் வேறொரு பட்டியலில் வேறோர் எண்ணும் அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த ஆவணம் எங்கே இருக்கிறது?

நம் தரிசனகாரர்கள் இந்தக் கேள்வியை ஆயிரம் ஆண்டு விவாதித்தார்கள். நியாய தரிசனத்தாரான நையாயிகர், பகுதிகளுக்கு அப்பால் முழுமை என்ற ஒன்று மெய்யாகவே உண்டென்றும், அதற்கு அவயவி என்று பெயரென்றும், நூலிழைகளில் ஆடை நிற்பதுபோல அது தன் அவயவங்களில் சமவாயமாக, அதாவது பிரிக்கவியலாத உறவில், நிற்கிறதென்றும் சொன்னார்கள். முழுமை என்று ஒன்று இல்லாவிட்டால், மரத்தின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தவன் மரத்தைப் பார்த்ததாகச் சொல்ல உரிமை ஏது என்பது அவர்களுடைய வலுவான வாதங்களுள் ஒன்று. பௌத்தர் இதை ஒப்பவில்லை. மிலிந்த மன்னனிடம் நாகசேனர், சக்கரமும் அச்சும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல, அவற்றுக்குப் புறம்பாகவும் தேர் இல்லை, அவை ஒன்றையொன்று சார்ந்து அமைந்தபோது வழங்கும் பெயரே தேர் என்று காட்டியது பிரசித்தம். அறவண அடிகள் மணிமேகலைக்குப் பன்னிரு சார்புகளை உபதேசித்ததையும், அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரின் கந்தக் கொள்கையை மறுத்ததையும் கற்ற தமிழ் வாசகர்களுக்கு இந்த வழக்கு புதிதன்று.

நையாயிகர் கூற்றின்படி, அவயவங்களின் சேர்க்கை அழிந்த கணத்திலேயே அவயவியும் அழிந்தது. பாரிஸிலும் லண்டனிலும் இருப்பவை இரண்டு புதிய பொருள்களேயன்றி, பழைய ஆவணம் இப்போது இல்லை. பௌத்தர் கூற்றின்படி, முழுமை என்பது எப்போதுமே சம்பந்தங்களின் பெயர்தான்; சம்பந்தம் அறியப்பட்டால், ஆவணம் முன்பு எவ்வளவு முழுமையோ இன்றும் ஏறக்குறைய அவ்வளவு முழுமை.

1994இல் பிரிட்டிஷ் நூலகத்தில் தொடங்கிய சர்வதேச துன்ஹுவாங் திட்டம், தன்னை அறியாமலே இந்த இரண்டாம் பக்ஷத்தைச் சேர்ந்ததாகிறது. லண்டன், பீகிங், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பெர்லின், கியோத்தோ, பாரிஸ் என்று சிதறிய ஏடுகளை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து, ஒவ்வொன்றுக்கும் மாறாத அடையாள எண்ணை வைத்து, யாரும் எங்கிருந்தும் ஒரே இடத்தில் தேடிக் காணும்படி அது செய்துவருகிறது. எண் இருந்தால்தான், இந்தத் துண்டு அந்தத் துண்டின் தொடர்ச்சி, இந்தக் கையெழுத்தே அந்த ஏட்டிலும் உள்ளது என்ற வாக்கியங்களைக் கணினிக்கும் புரியும்படி எழுதிவைக்க இயலும். ஏடு அசைவதில்லை, ஏடுகளுக்கிடையே உள்ள உறவு மட்டும் வெளிப்படையாகிறது.

இந்தத் துறையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது வேறொன்று. சர்வதேச அருங்காட்சியக மன்றத்தின் ஆவணக் குழு உருவாக்கி, 2006இல் ஐ.எஸ்.ஓ. 21127 என்ற எண்ணோடு உலகத் தரமாக ஏற்கப்பட்ட ஒரு வருணனை முறை இருக்கிறது. பழைய பட்டியல்கள் ஒரு பொருளின் பெயர், அளவு, காலம் ஆகிய குணங்களை அடுக்கிச் சென்றன. இந்த முறையோ பொருளை நிகழ்ச்சிகளின் வரிசையாகவே காண்கிறது: இன்னார் இதைச் செய்தது ஒரு நிகழ்ச்சி, இன்ன இடத்திலிருந்து பெயர்த்தது ஒரு நிகழ்ச்சி, இன்னார் கையிலிருந்து இன்னார் கைக்கு மாறியது ஒரு நிகழ்ச்சி. பொருள் என்பது கணங்களின் சந்தானமே, அதாவது இடையறாத தொடர்ச்சியே, என்று சாதித்த பௌத்த ஆசாரியர்கள் இதைப் பார்த்திருந்தால், தங்கள் சித்தாந்தத்தின் நிழலை இதில் கண்டிருப்பார்கள்.

ஆனால் இங்கேதான் எச்சரிக்கை தேவை. முழுமை வெறும் பெயரென்றால், படங்கள் இணைந்தபின் மூல ஏடு எங்கே கிடந்தால் என்ன என்று, அதை வைத்திருப்பவர் சொல்லக்கூடும். தத்துவத்தை உடைமைக்குக் கவசமாக்கும் இந்த வாதத்தை நான் ஏற்கமாட்டேன். சம்பந்தமே முழுமை என்று ஒப்புக்கொண்டவன், ஏட்டுக்கும் அது எழுந்த ஊருக்கும், அதன் முன் வணங்கிய மக்களுக்கும் உள்ள சம்பந்தத்தையும் கணக்கில் சேர்க்கக் கடமைப்பட்டவன். சூத்திரத்தின் பொருள் படியெடுப்பதால் குறைவதில்லை. படியெடுப்பதே புண்ணியம் என்றும், அந்தப் புண்ணியத்தைச் சகல ஜீவர்களுக்கும் அர்ப்பணிக்க வேண்டும் என்றும் அந்த மரபே சொல்கிறது. ஆயினும் படியைக் கொடுப்பது ஒரு தர்மம், எடுத்ததற்குப் பதில் சொல்வது வேறொரு தர்மம். முன்னதைச் செய்தவர் பின்னதையும் செய்துவிட்டதாக நினைத்தால் அது பிழை.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யமாட்டேன். துன்ஹுவாங்கிலேயே குருமுகமாக மட்டும் பெறவேண்டிய தாந்திரிக நூல்கள் திபெத்திய மொழியில் பல இருந்தன. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் தங்கள் சடங்குப் பொருள்களுள் சிலவற்றைத் தீக்ஷை பெறாதவர் காணலாகாது என்று விதித்திருக்கிறார்கள். அத்தகைய இடங்களில் எதைக் காட்டலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அந்தச் சமூகத்தாருடையது. ஆனால் இன்ன பொருள் இன்ன இடத்தில் இருக்கிறது என்ற செய்தியையே அவர்களிடமிருந்து மறைப்பதற்கு எந்த அருங்காட்சியகத்துக்கும் நியாயம் இல்லை. பல ஸ்தாபனங்கள் பழஞ்சுவடியின் படத்தைப் பிரசுரிக்கக் கட்டணமும் அனுமதியும் கேட்டுவருவதும் எனக்கு உடன்பாடன்று. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது மெய்யே; அதை அரசும் செல்வரும் கொடுக்கட்டும். விலையின்றி வழங்கவென்றே செய்த நூல்களுக்கு, ஆயிரம் ஆண்டு கழித்து வேறொருவர் விலை வைப்பது தகாது.

ஓரிடத்திலேயே எல்லாவற்றையும் நம்பி வைப்பதும் அபாயம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைக் கயவர்கள் தாக்கி முடக்கியபோது, அதன் பட்டியலையே மறு ஆண்டு ஜனவரி வரை வாசகர்கள் இணையத்தில் தேட முடியாமற்போயிற்று. பல நாட்டு நூலகங்களும் ஒன்றன் செய்தியை மற்றொன்று வைத்திருப்பது பரோபகாரம் மட்டுமன்று, தற்காப்பும் ஆகும்.

பட்டியல் எழுதும் அதிகாரிகளிடம் நான் வேண்டுவது ஒன்று உண்டு. பொருளின் சரித்திரத்தை நிகழ்ச்சிகளாகக் குறிக்கும் முறை இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே, எழுதியவர் யார், எழுதிய காலம் எது என்பதோடு நின்றுவிடாதீர்கள். 1907இல் கைமாறிய தொகையையும், யுவான் சுவாங்கின் பெயரைச் சொல்லிப் பெற்ற சம்மதத்தையும், பெற்றவர் பெயரையும், கொடுத்தவர் பெயரையும், ஒவ்வோர் ஏட்டின் பதிவிலும் எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள். லண்டனில் எழுதுவதைப் போலவே பாரிஸிலும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும், நம் டில்லியிலும் எழுதுங்கள்.