நன்மைக்கும் லாபக் கணக்கு வேண்டுமா?

ஜவுளித் தொழிலில் உள்ள பெரிய கம்பெனிகள் இக்காலத்தில் ஒரு பேச்சைப் பரப்பி வருகின்றன. ஆற்றைக் கெடுக்காமல் சாயம் போடுவதும், துணியை வீணாக்காமல் இருப்பதும், தைப்பவருக்கு நியாயமான கூலி கொடுப்பதும் தர்மம் மட்டுமல்ல, அதில் லாபமும் உண்டு என்பதே அப்பேச்சு. துணி விற்றுப் பிழைக்கும் நமக்கு இது காதுக்கு இனிமையாகவே இருக்கிறது. எனினும் ஒரு கேள்வி எழுகிறது. லாபம் வருகிறது என்பதற்காகச் செய்யும் நன்மையை, லாபம் வராத நாளில் என்ன செய்வது?

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். திருப்பூர் பனியன் நம்மவர் யாவரும் அறிந்த சரக்கு. துணிக்குச் சாயமேற்ற ஏராளமான நீரும் உப்பும் வேண்டும். அங்கிருந்த சாயப்பட்டறைகள் தங்கள் கழிவு நீரை நொய்யல் ஆற்றில் விட்டன. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவு வந்து தேங்கிற்று. கிணறுகள் கெட்டன, வயல்களில் உப்பு ஏறிற்று. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006ல் உத்தரவிட்டது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது.

இதை நமது பேரேட்டு முறையில் பார்த்தால் விஷயம் விளங்கும். அப்பட்டறைகளின் ஐந்தொகை பல ஆண்டுகள் லாபம் காட்டியது. ஆனால் கழிவைச் சுத்தம் செய்யும் செலவு அதில் எழுதப்படவில்லை. அதை ஆற்றின் கீழ்ப்பக்கத்து விவசாயி சுமந்தார். அது அவரைக் கேளாமலே அவரிடம் வாங்கிய கடன். கடன் திரும்பி வந்தபோது கடையே பூட்டப்பட்டது. பின்னர் சுத்திகரிப்பு நிலையங்களை வைத்தே பட்டறைகள் நடக்கலாயின. செலவு அதிகந்தான். ஆயினும் முன்பு லாரியில் விலைக்கு வாங்கிய நீரில் பெரும்பகுதி இப்போது கழிவிலிருந்தே மீண்டு, மறுபடியும் சாயத்தொட்டிக்கு வருகிறது. ஆகவே லாபம் உண்டு என்போர் பொய் சொல்லவில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. விலையுயர்ந்த உடைகளுக்குப் பேர்போன இங்கிலாந்துக் கம்பெனியான பர்பெரி, ஒரே ஆண்டில் 28.6 மில்லியன் பவுன் மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது என்பது 2018ல் வெளியாயிற்று. மலிவாக விற்றால் பெயரின் மதிப்புக் குறையும் என்பதே இப்படிச் செய்வோர் போடும் கணக்கு. அந்தக் கணக்கில் பிழையில்லை; அழிப்பதே லாபம் என்று அது சொல்லிற்று. ஜனங்கள் வெறுத்துப் பேசிய பிறகுதான், அவ்வாண்டு செப்டம்பரில் கம்பெனி அவ்வழக்கத்தைக் கைவிட்டது. பிரான்ஸ் தேசமோ 2020ல் சட்டம் இயற்றி, விற்காத துணியை அழிப்பதை 2022 முதல் தடுத்துவிட்டது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? லாபக் கணக்கு தானாக நன்மையின் பக்கம் சாய்வதில்லை. அதைச் சாய்ப்பதற்கு யாரோ ஒருவர் லாபம் பாராமல் நிற்க வேண்டியிருக்கிறது. நொய்யல் விவசாயி நின்றார். அதன் பிறகே நல்ல சாயம் லாபமாயிற்று.

"நமது கடையோ சிறியது. பக்கத்துக் கடைக்காரர் ஒரு வெள்ளி குறைத்து விற்றால் நமக்கு வாடகை யார் கொடுப்பார்?" என்று சகோதர வியாபாரிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. மூடிய கடை யாருக்கும் நன்மை செய்யாது. எனினும் ஒன்றை யோசிப்போம். கெஜக்கோலில் ஓர் அங்குலம் குறைத்தால் லாபம் என்பது நமக்குத் தெரியாததன்று. ஆனால் அந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்பதே இல்லை. அளவில் நேர்மை என்பது கணக்குக்கு அப்பாற்பட்டது என்று நமது பெரியவர்கள் வைத்துவிட்டார்கள். பிறர் குடிக்கும் நீரைக் கெடுக்காமையும் அந்த வரிசையில் சேரவேண்டியதே. செய்வதா, வேண்டாமா என்பதை லாபம் தீர்மானிக்கலாகாது. எப்படிக் கட்டுபடியாகச் செய்வது என்பதற்கே கணக்கு வேண்டும்.

சிறு கடைக்காரராகிய நம்மால் ஆவதும் உண்டு. விற்குமளவுக்கே கொள்முதல் செய்யலாம். சாயம் போகும் துணியைச் சாயம் போகும் என்று சொல்லியே விற்கலாம். அடுத்த முறை சரக்கு எடுக்கும்போது, "இது எங்கே சாயம் போட்டது? கழிவு நீர் எங்கே போகிறது?" என்று மொத்த வியாபாரியிடம் கேட்கலாம். ஒரு கடைக்காரர் கேட்டால் அவர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் பதிலைத் தேடத் தொடங்குவார்.