கூட்டம் கலைந்த பிறகு

2023 ஆகஸ்ட் 5 இரவு. லிஸ்பனின் தேஜோ பூங்காவில், உலக இளையோர் தினத்துக்காக ஏறக்குறைய 1.5 மில்லியன் பேர். நற்கருணை ஆராதனையில் அத்தனை பேரும் மௌனமானார்கள். அங்கே ஒரு பதினாறு வயதுப் பிள்ளை உணர்வது விசுவாசமா, கூட்டம் தரும் போதையா?

கூட்டாகக் கொந்தளிக்கும் உணர்விலிருந்துதான் மதமே பிறக்கிறது என்றார் சமூகவியலாளர் எமில் துர்கைம், 1912இல். இருக்கட்டுமே. தாய்மொழியையும் பிறரிடமிருந்துதானே வாங்கிக்கொண்டோம்? அதனால் அது நம்முடையது இல்லை என்றாகிவிடுமா? ஆனால், பேசிப் பேசித்தான் மொழி நமக்குச் சொந்தமாகிறது. விசுவாசமும் அப்படித்தான். கூடப் பாட ஆளில்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, தன்னைச் சீண்டியவனை அந்தப் பிள்ளையால் மன்னிக்க முடிகிறதா? கேள்வியை அங்கே கேட்கலாம். அதற்குமுன், அந்த இரவைச் சும்மா பொய் என்று தள்ளிவிட வேண்டாம்.